தும்பிக்கை 'லை'

உங்கள் அப்பாவோ தாத்தாவோ எழுதிய பழைய கடிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இதைப் படித்து முடித்ததும் எடுத்துப் பாருங்கள். அதில் 'இல்லை' என்ற வார்த்தையைத் தேடுங்கள். கஷ்டமே இருக்காது. அந்தக் காலத்துக் கடிதங்களில் பணம் இல்லை, மழை இல்லை, லீவு இல்லை என்று நாலு 'இல்லை'யாவது நிச்சயம் இருக்கும். அந்த 'லை' நீங்கள் இப்போது படிக்கிற 'லை' மாதிரி இருக்காது. யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு வளைவு வளைந்திருக்கும்.

எங்கள் அப்பா கடைசி வரை அந்தத் தும்பிக்கை 'லை'தான் போட்டார்.

ணை, லை, ளை, னை நான்குக்கும் ஒரு காலத்தில் தும்பிக்கை உண்டு. ணா, றா, னா மூன்றும் தனியாகக் கால் வாங்காமல், தாமே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். அவற்றின் ஒகர, ஓகார வரிசையிலும் அதே சுழிதான். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே தன் 'குடிஅரசு' பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். அரசாங்கம் ஒத்துக்கொள்ள 43 வருஷம் ஆயிற்று. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆணை வந்தது. நான் பிறந்ததும் அதே வருஷம்தான். ஆகவே நான் புது எழுத்துக்காரன். அப்பா பழைய எழுத்துக்காரர். ஒன்றாம் வகுப்பில் அவர் கைபிடித்து எழுத வைத்த 'யானை'யை வாத்தியார் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்பினார். அப்பா பார்த்துவிட்டு, "வாத்தியார் சொல்றபடியே எழுது. இது என்னோட போகட்டும்" என்றார். அவ்வளவுதான்.

போகவில்லை. அதுதான் சமாச்சாரம்.

2023-ல் ஒரு ஜூன் மாத ராத்திரி, பெங்களூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, அம்மாவுக்கு ஐப்பசியில அம்பது வயசு. ஒரு ஸ்கிராப்புக் பண்ணப் போறேன். சர்ப்ரைஸ், சொல்லிடாதீங்க."

ஸ்கிராப்புக் என்றால் நமக்குத் தெரிந்தது ஸ்டாம்பும் தீப்பெட்டி லேபிளும் ஒட்டிவைத்த நோட்டு. இப்போது அது பெரிய விஷயம். அமெரிக்காவில் இதற்கென்றே கடைகள், காகிதங்கள், ரிப்பன்கள், ஓரம் வெட்டக் கத்தரிகள். ஒரு குடும்பத்தின் போட்டோ, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, காய்ந்த பூ எல்லாவற்றையும் ஒட்டி, பக்கத்தில் அழகாக நாலு வரி எழுதிவைப்பது. அந்த நாலு வரியில்தான் சிக்கல் வந்தது.

"தாத்தா கையெழுத்தையே ஃபான்ட் ஆக்கித் தர முடியுமா மாமா? ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் அவரே எழுதின மாதிரி இருக்கணும்."

ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை எனக்கு. அவள் தாத்தாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். 2009 பிப்ரவரியில். ஐஸ் பெட்டியில்.

அக்கா 1996 ஜூனில் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வேறு சாதி. காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல் அலங்காரம் செய்ய வேண்டியதில்லை. அன்றிலிருந்து அப்பா அவளிடம் பேசவில்லை. அவள் பெயரையும் உச்சரிக்கவில்லை. ஊரில் புதிதாக யாராவது, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டால், "ஒரே பையன்" என்பார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்தில் அம்மாவும் நின்றுகொண்டிருப்பாள்.

பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். சரி என்றேன்.

நான் படித்தது பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் பத்திரிகை ஆபீஸ் சம்பந்தம் மட்டும்தான். ஆனால், ஃபான்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே பழைய காயம் ஒன்று வலிக்கும். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு ஃபான்ட். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடித்த கட்டுரையை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால், திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக ஊரும். இந்தக் குழப்பத்துக்காகவே 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' என்று மாநாடு நடத்தினார்கள். அதில் வந்த விசைப்பலகை நிலைத்துவிட்டது. ஃபான்ட் குழப்பம் தீர யூனிகோடு வர வேண்டியிருந்தது.

அந்த யூனிகோடு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 'லை' என்றால் 'ல'வும் ஐகாரக் குறியும் சேர்ந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். சேர்ந்தால் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது ஃபான்ட் செய்கிறவன் இஷ்டம். தும்பிக்கை வேண்டுமா, வைத்துக்கொள். எந்த ஆணையும் தடுக்காது. அப்பாவின் எழுத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் துணிச்சல் வந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஒடுகத்தூர் போனேன்.

எங்கள் ஊர் தெரியாதவர்களுக்கு: வேலூரிலிருந்து ஆலங்காயம் போகிற வழியில், ஜவ்வாதுமலை அடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போனது. பீஞ்சமந்தை பக்கத்து மலை ஜனங்கள் புளியும் சாமையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதினார். பகலில் மண்டிக் கணக்கு. ராத்திரி சாப்பிட்டு முடித்து, வாசல் திண்ணையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கு. நாலணாவுக்கு மஞ்சள் வாங்கினாலும் அது நோட்டில் ஏறாமல் அவருக்குத் தூக்கம் வராது.

டிரங்குப் பெட்டியில் அந்த நீள நோட்டுகள் முப்பதுக்கு மேல் இருந்தன. அம்மா தூசி தட்டிக்கொண்டே, "இன்னாடா பண்ணப் போற இத வெச்சி? பழைய பேப்பர்காரன்கூட வேணாம்னுட்டான்" என்றாள்.

தமிழுக்கு 247 எழுத்து என்று பயந்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, க முதல் ன வரை 18, கு வரிசை 18, கூ வரிசை 18. ஆச்சா, 67. அப்புறம் கால், கொம்பு, சுழி, புள்ளி என்று ஒரு பத்து. பழைய தும்பிக்கையும் சுழியும் ஏழு. ஜ, ஷ, ஸ வகையறா ஆறு. தொண்ணூறு உருவம் கையில் இருந்தால் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். நோட்டை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாக வெட்டி, இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றி, ஃபான்ட்ஃபோர்ஜில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இரண்டும் இலவச மென்பொருள். பணம் செலவில்லை. தூக்கம்தான் செலவு.

கணக்கு நோட்டில் எல்லா எழுத்தும் கிடைக்குமா என்று கேட்பீர்கள். சமையல்கட்டு தமிழை வாழவைத்துக்கொண்டிருக்கிறது சார்! 'ங' வேண்டுமா? தேங்காய், வெங்காயம். புள்ளியை மட்டும் அழித்துவிட வேண்டியது. 'ஞ' வேண்டுமா? மஞ்சள், இஞ்சி. 'ஷ'வுக்கு வருஷப் பிறப்பு. 'ஜ'வுக்கு அம்மாவின் ஜாக்கெட் தையல் கூலி. 'ளூ'வுக்குப் பெங்களூர் கத்திரிக்காய். ஃபீஸ் என்பதை அவர் 'பீஸ்' என்றே எழுதியதால் ஆய்தம் கிடைக்கவில்லை. 'ஙூ' கிடைக்கவில்லை. அது யாருக்கு வேண்டும்? இன்னொன்றும் கிடைத்தது. 'மேற்படி' என்பதற்கு அவர் போடும் ௸. பி.காம். முடித்துவிட்டு வந்த புதிதில் அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அதற்கும் பற்று, வரவுக் குறிகளுக்கும் 2003-லேயே யூனிகோடில் இடம் கொடுத்துவிட்டார்கள் என்பது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒரு மனுஷன் ஒரே 'க'வை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதுவதில்லை. 1979 நோட்டில் அப்பாவின் 'க' நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறது. 1988-ல் கொஞ்சம் சாய்ந்து, வேகமாக ஓடுகிறது. 2008-ல் நடுங்குகிறது. எந்த அப்பாவை எடுப்பது? நான் பத்து நாள் இதிலேயே நின்றேன். கடைசியில் 1988. அப்போது எனக்குப் பத்து வயசு. அக்காவுக்குப் பதினைந்து. வீட்டில் எல்லோரும் எல்லோருடனும் பேசிக்கொண்டிருந்த வருஷம். மேலும், அப்போது அவரிடம் ஹீரோ பேனா இருந்தது. பிற்பாடு வந்த பால்பாயின்ட் நோட்டுகளில் கோடு மெலிந்திருந்தது. அவற்றைப் புரட்டாமலே ஓரமாகக் கட்டி வைத்தேன்.

முதல் தடவை அச்செடுத்தபோது எழுத்து ஒவ்வொன்றும் கத்திரிக்காய் சைஸுக்கு வந்தது. வெட்கப்படவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கும் இதே கதைதான். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. ரொம்பப் பெரிசு. காகிதம் கட்டுப்படியாகவில்லை. பிறகு இங்கேயே சின்னதாக வார்த்தார்கள். அவர்களுக்கு ஈயம் காய்ச்ச வேண்டியிருந்தது. எனக்கு ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி, ஒரு மணி இருக்கும். கீபோர்டில் 'ஒடுகத்தூர்' என்று அடித்தேன். திரையில் அப்பா எழுதினார்.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் 'தூ'வின் சுழி, கடைசி 'ர்' மேல் கொஞ்சம் தள்ளி விழுகிற புள்ளி. அப்பாதான். 'மழை இல்லை' என்று அடித்தேன். தும்பிக்கை தூக்கிக்கொண்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "ஒண்ணு சொன்னா செய்வியா கண்ணு? 'பாப்பா, நல்லா இரும்மா. அப்பா'ன்னு ஒரு வரி அதுலயே எழுதிப் போட்டுடு. பொண்ணு மனசு ஆறிடும்" என்றாள்.

பாப்பா என்றால் அக்கா. வீட்டில் அதுதான் பெயர்.

"அவரு சொல்லலியேம்மா."

"சொல்லணும்னுதான் இருந்தாரு. வாய் வரல."

"வவுச்சர் இல்லாம என்ட்ரி போடக் கூடாதும்மா. அப்பாவே ஒத்துக்க மாட்டாரு."

"ஆமா, நீ பத்திரிகையில எழுதுறதெல்லாம் வவுச்சரோடதான் எழுதுற!" என்று போனை வைத்துவிட்டாள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி அந்த வரியை அடித்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பதிமூன்று வருஷம் அவர் செய்ய மறுத்ததை நான் பத்து விநாடியில் செய்துவிட்டேன். அதைப் பார்க்கப் பார்க்க அடிவயிற்றில் என்னமோ செய்தது. அவர் கையைப் பிடித்து நான் எழுத வைக்கிற மாதிரி. அழித்தேன்.

அக்கா மகளிடம் கறாராகச் சொன்னேன். ஊர்ப் பெயர், வருஷம், யார் யார், என்ன விசேஷம். இதற்கு மட்டும்தான் இந்த ஃபான்ட். அப்பா போட்டோவுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கக்கூடிய விஷயம் மட்டும். அவர் பேசுகிற மாதிரி ஒரு வரிகூட வரக் கூடாது. "ஓகே மாமா" என்றாள். "ஆனா அட்டையில அம்மா பேர் வரணுமே. அது உடையுது."

அக்காவின் நிஜப் பெயர் 'சௌ'வில் ஆரம்பிக்கும். முழுப் பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. 'ஔ' வரிசையை நான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். நோட்டில் அது எங்குமே இல்லை. 'பௌர்ணமி'யை அவர் தினசரிப் பத்திரிகை மாதிரி 'பவுர்ணமி' என்றுதான் எழுதுவார். கடிதத்தில் 'சௌக்கியம்' வராது, 'நலம்'தான். கௌரவம் என்ற வார்த்தையை நிறையச் சொல்வார், எழுதியதில்லை. அக்கா வருகிற இடமெல்லாம் 'பாப்பா பள்ளிக்கூடம்', 'பாப்பா ரிப்பன்', 'பாப்பா சைக்கிள் பஞ்சர்'.

ஒற்றைக் கொம்பு, ச, ள மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிக்கொடுத்தேன். அவளுக்குத் திருப்தி. எனக்கில்லை. மூன்றும் அப்பா எழுதியவைதான், ஆனால் சேர்ந்து நிற்கிறபோது ரேஷன் க்யூவில் நிற்கிற மூன்று பேர் மாதிரி இருந்தன. ஒரு நிஜமான 'சௌ' வேண்டும். ஒன்றே ஒன்று.

மறுபடி ஒடுகத்தூர். ஓரம் கட்டி வைத்த பால்பாயின்ட் நோட்டுகளை முதல் தடவையாகப் பிரித்தேன். 1996 ஜூனுக்குப் பிறகு 'பாப்பா' என்ற வார்த்தையே இல்லை. எதிர்பார்த்ததுதான். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். பால், உப்பு, கரன்ட் பில். நவம்பர் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைச் செலவுக்குக் கீழே ஒரு வரி:

கோயில் அர்ச்சனை, சௌ, சுவாதி: 15-00.

அர்ச்சனைச் சீட்டுக்குக் கூப்பிடுகிற பெயர் சொன்னால் ஆகாது. நிஜப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். முதல் எழுத்தோடு நிறுத்தியிருக்கிறார். அம்மா கண்ணில் பட்டாலும் புரியக் கூடாது என்றோ, என்னவோ.

1997 எடுத்தேன். ஐப்பசி. இருந்தது. 1998, இருந்தது. அக்கா மகள் பிறந்த 1999-ல் 'சௌ, சுவாதி'க்குக் கீழே ௸ போட்டு, 'குழந்தை' என்று இன்னொரு வரி. 25-00. கடைசி வரி 2008 ஐப்பசி, 40-00. அதில் 'சௌ'வின் கொம்பு நடுங்கி, இரண்டு தடவை எழுதினாற்போல இருந்தது. பதிமூன்று ஐப்பசிக்குப் பன்னிரண்டு வரிகள். 2001 நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தாள். "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சந்தைக்குன்னு கெளம்புவாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு" என்றாள். அப்புறம், "இதுங்கள மேல தூக்கி வைடா. கரையான் வந்துடும்" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஃபான்ட்டில் 1996-ன் 'சௌ'வைச் சேர்த்தேன். பால்பாயின்ட் கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்க வேண்டியிருந்தது. ஸ்கிராப்புக்கின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பன்னிரண்டு வரிகளையும் ஸ்கேன் எடுத்து, வருஷ வரிசையில் ஒட்டினாள் பெண். கீழே ஒன்றும் எழுதவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் அம்மா பேனா வாங்கி, அஞ்சாம் கிளாஸோடு விட்ட எழுத்தில், தானே எழுதினாள்: 'நல்லா இரு பாப்பா. அம்மா.'

பன்னிரண்டு அர்ச்சனையைக் காட்டிப் பதிமூன்று வருஷத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அக்காவும் நினைக்கவில்லை. ஐப்பசியில் பெங்களூரில் அவள் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமிகிட்ட என் பேரச் சொல்லத் தெரிஞ்சவருக்கு, ஒரு ரூபா காயின் போட்டு எங்கிட்ட பேசத் தெரியல பாத்தியா" என்றாள். குரலில் கோபம்தான் இருந்தது. நோட்டை மூடவும் இல்லை.

பிறகு முன்னால் புரட்டினாள். 1988 தீபாவளி போட்டோ. நான், அவள், மூக்கில் சாம்பலோடு ஒரு பூனை. கீழே என் ஃபான்ட்டில் 'ஜவ்வாதுமலை, பட்டாசு இல்லை' என்று இருந்தது. அந்த வருஷம் எங்களை மலைக்கு அழைத்துப் போய்ப் பட்டாசை ஏமாற்றிய கதை அது.

"டேய், இந்த லை தப்பு."

"அப்பா எழுதினதுக்கா, அப்படியே ஸ்கேன் எடுத்தது."

"ஏதோ அவசரத்துல எழுதினத எடுத்திருக்க. அவரு தும்பிக்கைய இப்படித் தொங்க விட மாட்டாரு. முடிக்கிறப்ப லேசா மேல ஏத்துவாரு. எனக்குக் கைபிடிச்சி சொல்லிக் கொடுத்தது. இரு."

கேக் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, பேனாவை வாங்கி எழுதிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வரிசையாகத் தும்பிக்கைகள். புது எழுத்து வந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகியும் அவள் கை அதை மறக்கவில்லை.

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து ஸ்கேன் செய்து பழைய 'லை'யை எடுத்துவிட்டு, இதை வைத்தேன்.